வாத்து அண்ணன்

எங்கள் தொழிலில் பட்டப்பெயர் இல்லாமல் காலம் தள்ள முடியாது. சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில் எங்கள் குழு முழுக்கப் பட்டப்பெயர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் புது மாற்றத்தை ஏற்றிவிட்டுப் பஸ் பிடிக்கிற ஒருவனுக்கு ‘வெள்ளிக்கிழமை’ என்றே பெயர். டீம் லீடு கார்த்தி, எங்கே எது எரிந்தாலும் வாளியோடு ஓடுவதால் ‘தீயணைப்பு’. யார் என்ன பிழை காட்டினாலும், “எங்கூட்டுல நல்லாத்தானுங்க ஓடுது” என்று தன் கம்ப்யூட்டரைக் காட்டிச் சாதிக்கிற ஒருவருக்கு ‘எங்கூட்டுக்காரர்’ என்று வைத்தார்கள். கொங்கு நாட்டில் பெண்கள் அவரவர் புருஷனைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதனால் குழுவிலிருந்த பெண்கள் நாங்கள் ஒருத்தியும் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை.

பிழைகளுக்கும் பெயர் உண்டு. நாம் பார்க்கும்போது அடக்கமாக இருந்துவிட்டு, தலையைத் திருப்பியதும் ஆட்டம் போடுகிற பிழை ‘புது மாப்பிள்ளை’. தலையும் வாலும் தெரியாத பழைய புரோகிராம் ‘சிக்கு நூல்’. எச்.ஆர். அறையிலிருந்து கூப்பிட்டால் அது ‘டீ’. அங்கே உட்கார வைத்து, ஒரு காகிதக் கப்பில் லெமன் டீ கொடுத்துவிட்டுத்தான் வேலை போன சேதியைச் சொல்வார்கள். அவனுக்கு டீ ஆகிவிட்டது என்றால் மேற்கொண்டு நாங்கள் எதுவும் விசாரிப்பதில்லை.

இதையெல்லாம் இப்போது வேறு கம்பெனியில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்வதில்லை. வாத்து.

அந்தப் பெயர் நாங்கள் கண்டுபிடித்ததில்லை. உலகம் முழுக்க எங்கள் தொழிலில் இருக்கிற பழக்கம்தான். எழுதிய புரோகிராம் ஓடவில்லை, தப்பு எங்கே என்று தெரியவில்லை என்றால், மேஜையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் முதல் வரியிலிருந்து விளக்கிச் சொல்ல வேண்டும். “இந்த வரி இதைச் செய்யுது, அடுத்த வரி அதைச் செய்யுது” என்று சொல்லிக்கொண்டே போனால், தப்பு இருக்கிற வரியில் வாய் தானாக நின்றுவிடும். வாத்து பதில் சொல்லாது. சொல்லவும் கூடாது. எங்கள் குழுவிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து இருந்தது. வேலையை விட்டுப் போன ஒரு பெண் ஞாபகார்த்தமாக அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஒருவர் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். எங்கள் தொழிலில் அது பாட்டன் வயது. பல வருஷமாக ஒரே வாடிக்கையாளருக்கு, இப்போது யாரும் படிக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியில் வேலை பார்த்தவர். அந்த வாடிக்கையாளர் புதுசுக்கு மாறியதும் இவருக்கு வேலை இல்லை. இப்படி வேலை இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பதை ‘பெஞ்ச்’ என்போம். பெஞ்சில் ரொம்ப நாள் உட்கார்ந்தால் டீ நிச்சயம். தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். மேல் மாடியில் இருந்தபோதே புது மொழி படிக்கச் சொல்லி வீடியோக்களும் கொடுத்திருந்தார்கள். படித்துப் பார்த்தார். ஏறவில்லை.

தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் அவர் பக்கத்தில் நின்று புலம்புவது வழக்கமாயிற்று. அவர் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை முழுசாக நம் பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். “ம். அப்புறமுங்க?” என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. நாம் சொல்வதில் பாதி அவருக்குப் புரியாது. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். நடுவில் யோசனை சொல்ல மாட்டார், நாம் முடிக்காத வாக்கியத்தை முடித்துவைக்க மாட்டார். ஐந்து நிமிஷத்தில் நமக்கே தப்பு பிடிபட்டுவிடும். “ஆ, தெரிஞ்சுபோச்சுங்ணா, தேங்க்ஸ்” என்று பாதியில் விட்டுவிட்டு இடத்துக்கு ஓடுவோம். தண்ணீர் பாட்டில் அங்கேயே கிடக்கும். அதை அவர்தான் மூடி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்.

‘வெள்ளிக்கிழமை’தான் முதலில் அவரை அப்படிக் கூப்பிட்டான். “போன வாத்துக்குப் பதிலா நம்முளுக்கு உசுரோட ஒரு வாத்து வந்துருச்சு” என்றான். அவர் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அவர் கோபிக்கவில்லை.

“வாத்துனா தீனி போடோணுமுங்க. யாரு போடறீங்க?” என்றார்.

அன்றிலிருந்து ஆளாளுக்கு டிபன் பாக்ஸிலிருந்து ஏதாவது ஒன்று அவர் மேஜைக்குப் போகும். வாத்து அண்ணன் என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

நாளாக ஆக புரோகிராம் மட்டும் இல்லை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினோம். உடுமலைப்பேட்டையில் என் வீட்டில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தோப்பு, பைக் ஷோரூம், நல்ல குடும்பம். ஒரு மத்தியானம் அவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தது, அவன் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தது, அவன் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். “மாடியில நின்னு, உங்க லேப்டாப் பாஸ்வேர்டு என்னன்னு கேட்டாருங்ணா...” என்றதும் என் வாய் நின்றுவிட்டது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “தேங்க்ஸுங்ணா” என்று எழுந்து போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் அவர் என் மேஜைக்கு வந்தார். அது ரொம்ப அபூர்வம்.

“ஏனுங்க அம்மணி, எல்லாரும் பாதில எந்திரிச்சுப் போயர்றீங்க. கடைசில எந்த வரின்னு யாருமே வந்து சொல்லறதில்லீங்களே” என்றார்.

நான் சிரித்தேன். “சொல்றனுங்ணா” என்றேன். சொல்லவில்லை. தப்பு கிடைத்த பிறகு வாத்தை யார் நினைக்கிறார்கள்?

அவர் கதையை அவராகச் சொன்னதில்லை. கார்த்தி கேட்டுக் கேட்டுப் பிடுங்கியதுதான். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் தவறாமல் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டு முறை வரக் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். கூப்பிட்டால் உடனே போக வேண்டும். ஆபரேஷன் செலவு மொத்தமும் கம்பெனி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்த இன்சூரன்ஸ் கார்டைக் கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டின் உறைக்குள்ளேயே பின்பக்கமாகச் செருகி வைத்திருந்தார்.

“கூப்புடற அன்னிக்கு நான் இந்தக் கம்பெனில இருக்கோணுமுங்க. அது போதுமுங்க எனக்கு” என்று கார்த்தியிடம் சொன்னாராம். சம்பள உயர்வு கேட்காமல், இடம் மாற்றம் கேட்காமல், ஃபில்டர் ஓரத்தில் சத்தமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரைப் பெஞ்சிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எங்கள் தொழிலில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து, சரி என்று டிக் போட்டால்தான் அது வாடிக்கையாளருக்குப் போகும். அதைப் படிப்பது பெரிய தலைவலி. அதனால் யாரும் படிப்பதில்லை. இன்றைக்கு உனக்கு நான் டிக் போட்டால் நாளைக்கு எனக்கு நீ போட வேண்டும். இதற்கு எங்கள் குழுவில் பெயர் ‘மொய்’. “ரெண்டு மொய் பாக்கி இருக்குது, வெச்சுரு” என்று சத்தமாகவே கேட்டுக்கொள்வோம்.

கார்த்திக்கு அதில்தான் யோசனை உதித்தது. “இனிமே எல்லா மொய்யும் அண்ணன் பேர்ல போட்டர்லாம். அவர் டிக் போடட்டும். மேல இருந்து பாக்கறவங்களுக்கு அவர்தான் எல்லாரையும் விட எச்சா வேலை செய்யற மாதிரி தெரியும்” என்றான். நாங்கள் மேஜையைத் தட்டினோம். அத்தனை பேருக்கும் அன்று மனசு நிறைந்திருந்தது. நானும்தான் தட்டினேன்.

அவர் தயங்கினார். “நான் படிச்சாப் புரியாதுங்களே” என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். “வந்து என்ன செஞ்சீங்கன்னு சொல்லிப்போடுங்க. கேக்காம நான் டிக் போட மாட்டேனுங்க.”

அதன்படியே நடந்தது. ஒவ்வொருவரும் போய்ச் சொல்வோம். அவர் “ம். அப்புறமுங்க?” என்று கடைசி வரை கேட்டுவிட்டு, வலது கை விரலால் நிதானமாக டிக் போடுவார். இதில் ஒரு வேடிக்கை, அவரிடம் சொல்லும்போதே பாதித் தப்புகள் தெரிந்து திருத்திக்கொண்டோம். எங்கள் குழுவின் பிழைகள் குறைந்துவிட்டன. ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் மேனேஜர் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, அந்த மாதத்தின் சிறந்த சரிபார்ப்பாளர் என்று கையில் ஒரு சின்னத் தொட்டிச் செடியைக் கொடுத்தார். நாங்கள் விசில் அடித்தோம். அவர் செடியைப் பிடித்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். எங்களை யாராலும் பிடிக்க முடியாது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ‘வெள்ளிக்கிழமை’ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரிடம் போனான். சத்தியமங்கலம் போகிற வழியில் ஒரு நூற்பாலை எங்கள் வாடிக்கையாளர். அங்கே தொழிலாளிகள் கேட்டில் விரல் வைத்தால் வருகை பதிந்து கதவு திறக்கும். அந்த மெஷினுக்கு ஆள் பட்டியல் அனுப்புகிற புரோகிராம் எங்களுடையது.

“அண்ணா, சின்ன மாத்தந்தானுங்க. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. திங்கக்கிழமை வந்து சொல்லறனே” என்றான்.

நான் பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அவனையும் அவன் பையையும் பார்த்தார். “ஊருக்கா கண்ணு? செரி, அம்மாவைக் கேட்டதாச் சொல்லு” என்று டிக் போட்டார். கேட்காமல் அவர் போட்ட டிக் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் அந்த மில்லின் மெஷினில் ஆள் பட்டியல் காலியாக இருந்தது. யார் விரல் வைத்தாலும் ஆள் இல்லை என்றது. வேனில் வந்து இறங்கிய ஷிப்ட் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றது. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த ஷிப்ட், வெளியே வருவதற்கும் விரல் வைக்க வேண்டும் என்பதால், உள்ளே நின்றது. ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். கடைசியில் கதவை உடைத்துத் திறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மில்காரர்கள் எங்கள் கம்பெனியோடு இனி வேலை இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கண்ணாடி அறையில் விசாரணை. எச்.ஆர். அம்மா, கார்த்தி, வெள்ளிக்கிழமை, வாத்து அண்ணன், நான். அவர் டிக் போட்டவற்றில் நிறைய என்னுடையவை என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் டீ வந்தது. என் கப்பை நான் தள்ளி வைத்தேன்.

“சார், இதை நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் அப்ரூவ் பண்ணுனீங்களா?” என்று எச்.ஆர். அம்மா கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தொழிலாளிகள் மழையில் நின்றது, மயங்கி விழுந்த பெண், மில் முதலாளி பேசியது எல்லாவற்றையும் சொன்னார். வாத்து அண்ணன் லேப்டாப்பை மூடி, நாற்காலியைத் திருப்பி, இரண்டு கையையும் மடியில் வைத்துக் கேட்டார். சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்தார்.

“ம். அப்புறமுங்க?” என்றார் அவர்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. திமிர் என்று நினைத்துவிட்டார். எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது. வாயைத் திறந்து, நான் டிக் போட்டதெல்லாம் இவர்கள் சொல்லித்தான் என்று சொன்னால் என்ன? சொல்ல மாட்டார். சொன்னால் எங்கள் எல்லாருக்கும் டீ ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் பேசாவிட்டால் நானாவது பேச வேண்டும் என்று ஆவேசம் வந்து, நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மொய் போட்டது, எல்லாவற்றையும் அவர் பேரில் எழுதியது, அவர் மனைவியின் சிறுநீரகம், இன்சூரன்ஸ், ஒன்றையும் மறைக்கவில்லை. தப்பு எங்களுடையது, அவரை விட்டுவிடுங்கள் என்றேன். நல்லதுதான் செய்கிறேன் என்று முழுசாக நம்பினேன்.

எச்.ஆர். அம்மா என்னை இரக்கமாகப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளா சார் எந்த வேலையுமே செய்யலீங்களா?” என்று கேட்டார்.

நாங்கள் சொன்னதைக் கேட்டார், உட்கார்ந்து கேட்டார், அதுதான் வேலை என்று அந்த அறையில் எப்படிச் சொல்வது? கார்த்தி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அழுதுகொண்டிருந்தான்.

“நீங்க ஏதாச்சும் சொல்லோணுமுங்களா சார்?”

“இல்லீங்க. அம்மணி சொன்னது செரிதானுங்க” என்றார். கழுத்தில் தொங்கிய உறையைத் திருப்பிப் பார்த்து, “கார்டு எது வரைக்குமுங்க?” என்று கேட்டார்.

“கடைசி வேலை நாள் வரைக்குமுங்க சார்.”

“அது எப்பங்க?”

“இன்னைக்குங்க.”

அவர் தலையாட்டினார். டீ ஆறிப்போயிருந்தது. ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் அதைக் குடித்தார். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமையையும் விட்டுவிட்டார்கள். எங்களால் கம்பெனிக்கு வருமானம் உண்டு, அவரால் இல்லை. இதற்கு மேல் இதில் பெரிய நியாயம் எதுவும் கிடையாது. வாசலில் செக்யூரிட்டியிடம் ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்தபோது, பின்னால் செருகியிருந்த இன்சூரன்ஸ் கார்டை அவர் எடுத்து அதையும் நீட்டினார். “இது உங்களுதுதானுங்க சார், நீங்களே வெச்சுக்கலாம்” என்று செக்யூரிட்டி திருப்பிக் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, “வாரேனுங்க” என்றார். செடியை எடுத்துக்கொள்ளவில்லை. ஃபில்டர் பக்கத்தில் இருந்ததால் தண்ணீருக்குக் குறைவில்லாமல் அது தழைத்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று.

கார்த்தி அவருக்காக எத்தனையோ இடத்தில் வேலை கேட்டான். வயதைச் சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். அதற்குள் எங்கள் மாடியில், பிழையைக் கேட்டால் பதில் சொல்கிற புது மென்பொருள் மேஜைக்கு மேஜை வந்தது. நாம் பாதி சொல்வதற்குள் அது முழு விடையையும் கொட்டிவிடும். கம்பெனியில் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உடுமலையில் வீட்டு வாசலில் காயப்போட்ட கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். அதுவரை அவர் யாருக்கும் போன் செய்ததில்லை.

“அம்மணி, பத்து நிமிசம் பேசலாமுங்களா?”

“சொல்லுங்கண்ணா. அக்கா எப்படி இருக்காங்க?”

“போன வாரம் ஆஸ்பத்திரில இருந்து கூப்புட்டாங்க. ஒருத்தரோட கிட்னி பொருந்தி வந்துருச்சுன்னு. பணம் கட்டிப்போட்டு அட்மிட் ஆகச் சொன்னாங்க. நான் சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டேன். அதுக்குள்ள அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க, வெச்சிருக்க முடியாதில்லீங்களா. இவளுக்கு இனி மறுக்கா மொதல்ல இருந்து காத்திருக்கோணும். ஒடம்பு அது வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லறாங்க.”

“ஐயோ அண்ணா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க அம்மணி. சும்மா கேட்டாப் போதும். எங்க தப்பாச்சுன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. மொதல்ல இருந்து சொல்லிப் பாக்கறேன்.”

நான் கொப்பரை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் பழைய வாடிக்கையாளர் போனதிலிருந்து ஆரம்பித்தார்.

“ம். அப்புறமுங்க?” என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்தது. வீடியோ பார்த்துப் படித்தது. “அப்பக்கூட டீக்குக் கூப்புடலீங்க. என்னைய மாதிரி மேல் மாடில ரெண்டு பேரு சும்மாதான் உக்காந்திருந்தாங்க. அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களாமா. யாரு கண்ணுக்கும் தெரியாம இருந்தோம்” என்றார்.

“அப்புறமுங்க?”

“அப்பறம் உங்க மாடிக்கு வந்தனுங்க. எல்லாரும் நல்ல புள்ளைங்க. தீனியெல்லாம் குடுத்தீங்க. ஊட்டுல இவ ஒடம்பைப் பத்திக் கார்த்தி கேட்டாப்புல, சொன்னேன். மறுநாள் காலைல கார்த்தி வந்து, அண்ணா, இனிமே எல்லா மொய்யும் உங்க பேர்ல...”

நின்றுவிட்டார்.

பின்னால் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. யாரு போன்ல என்று ஒரு பெண் குரல் மெலிசாகக் கேட்டது. 

“செரிங்க அம்மணி” என்றார் கடைசியில். “தெரிஞ்சுபோச்சுங்க. தேங்க்ஸுங்க.”

போனை வைத்துவிட்டார். எந்த வரி என்று சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.